உதவிப் பயிற்சியாளராகவே இருந்துவிடலாமா?

கேள்வி: பல்கலைக்கழக அணிக்குக் கூடைப்பந்து ஆடியவள் நான். முழங்காலில் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் ஆனதோடு ஆட்டம் நின்றது. இப்போது 28 வயது, ஒரு மகளிர் கல்லூரி அணியில் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு வருவதெல்லாம் பந்து எடுத்து வைப்பது, அட்டெண்டன்ஸ், பஸ் ஏற்பாடு. பிள்ளைகள் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். வீட்டுச் சண்டை, காதல், கல்யாணப் பேச்சு எல்லாம் வரும். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்கிறார் சார். ஒரு பள்ளியில் தலைமைப் பயிற்சியாளராக வரச் சொல்கிறார்கள். "அசிஸ்டென்ட்டாவே இருந்து என்ன ஆகப்போகுது?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போகவா, இருக்கவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி, இன்னும் ஒரு சீசன் இருங்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணன் கேட்டதற்கு வருவோம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழக மகளிர் அணிக்கு 1985இல் ஜீனோ ஆரியெம்மா தலைமைப் பயிற்சியாளராக வந்தார். கூடவே உதவியாளராக வந்தவர் கிறிஸ் டெய்லி. 2025இல் அந்த அணி பன்னிரண்டாவது தேசியப் பட்டத்தை வென்றபோதும் டெய்லி அதே பெஞ்சில்தான் இருந்தார். நாற்பது வருடம்! 2018இல் அவரை மகளிர் கூடைப்பந்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அதே வருடம் சேர்க்கப்பட்ட இன்னொருவர் மிக்கி டிமாஸ், டென்னசி அணியில் தலைமைப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டுக்குப் பல வருடம் துணை நின்றவர். உதவிப் பயிற்சியாளராக உழைத்தவர்களுக்கும் அந்த இடம் கிடைக்கிறது என்று அண்ணனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லிசா பாயரின் வாழ்க்கை. 1990களின் கடைசியில் ஒரு தொழில்முறை அணிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளர். டான் ஸ்டேலி அங்கே அவருக்குக் கீழே ஆடிய வீராங்கனை. பிறகு ஸ்டேலி டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பேற்றார். 2002இல் பாயர், தான் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கே உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். 2008இல் இருவரும் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். 2017, 2022, 2024 என மூன்று தேசியப் பட்டங்கள் அங்கே வந்தன. பாயர் கீழே இறங்கிவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? தன் திறமை எங்கே அதிகம் பயன்படும் என்று பார்த்துப் போனவர் அவர்.

சரி, எல்லோரும் அப்படியே இருந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நியெல் ஐவியைப் பாருங்கள். கல்லூரி நாட்களில் அவருக்கும் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. மீண்டு வந்து 2001இல் நாட்டர் டேம் பல்கலைக்கழக அணியோடு தேசியப் பட்டம் வென்றார். அதே அணிக்கு 2007இல் உதவிப் பயிற்சியாளராகி, பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, ஆண்கள் அணியான மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸில் ஒரு சீசன் வேலை பார்த்தார். 2020இல் நாட்டர் டேம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இவர்கள் யாரும் பஸ் ஏற்பாடு மட்டும் செய்து வளரவில்லை. உங்கள் குறை பதவியில் இல்லை. உங்கள் பொறுப்பு என்று சொல்ல ஒரு வேலையும் கையில் இல்லை, குறை அங்கேதான் இருக்கிறது. என் நிபந்தனையும் அதுதான். அணியின் வேலையில் ஒரு பகுதியை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

எதைக் கேட்பது? எதிரணியைப் பார்த்து வரும் வேலையைக் கேளுங்கள். மொபைலில் மேட்சைப் பதிவு செய்து, அவர்களின் கார்டு (பந்தை நடத்திக் கொண்டுவரும் வீராங்கனை) எந்தக் கைப்பக்கம் அதிகம் போகிறாள், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) யார் உள்ளே வருகிறாள், பந்தை உள்ளே எறியும்போது என்ன ஆட்டம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேட்சுக்கு முந்தின நாள் சாரிடம் கொடுங்கள். இரண்டு மேட்சில் அது சரியாக இருந்தால், மூன்றாவது மேட்சுக்கு அவரே கேட்பார். மேட்ச் நேரத்தில் ஃபவுல் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், அடுத்து நாம் தடுக்கும்போது செய்யும் சாதாரண ஃபவுலுக்குக்கூட எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. தனி ஆளுக்கு ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தின் வேகத்தில் இதைத் தலைமைப் பயிற்சியாளர் தவறவிடுவது சாதாரணம். சரியான நேரத்தில் காதில் சொல்ல ஒருவர் வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர் தொடர முடியாமல் போனால் அணியை நடத்த வேண்டியது முதல் உதவிப் பயிற்சியாளர்தான். ஆக, எந்த மேட்சிலும் அது உங்கள் தலையில் வந்து விழலாம்.

இன்னொன்று, வார்ம் அப். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வதைக் கவனித்துத் திருத்துவது, தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவது. முழங்கால் லிகமென்ட் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது, முறையான பயிற்சியால் அதைக் கணிசமாகக் குறைக்கலாம். அந்த வலியை அனுபவித்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்போது "செல்லம்" விஷயம். இதில் நான் பெரும்பாலும் உங்கள் பக்கம். மாதவிடாய் நாளில் பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வது, சோர்வுக்கு ரத்தசோகை காரணமா, எந்த ஸ்போர்ட்ஸ் பிரா சரி என்றெல்லாம் ஒரு பெண் ஆண் பயிற்சியாளரிடம் கேட்கத் தயங்குவாள். கேட்காமலே ஆட்டத்தை விட்டுப் போய்விடுவாள். கல்யாணம், குழந்தை என்றால் ஆட்டம் முடிந்தது என்று நம் வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த சென்னையின் அனிதா பால்துரை தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இப்படி நடக்கும் என்று சொல்லவும், பெற்றோரிடம் பக்குவமாகப் பேசவும் அணிக்குள் ஒரு அக்கா வேண்டும். அது பயிற்சியின் ஒரு பகுதிதான்.

ஆனால் சார் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யார் பெஞ்சில், யார் முதல் ஐந்தில் என்ற முடிவைப் பற்றிப் பிள்ளைகளோடு புலம்பாதீர்கள். சாரிடம் மாறுபட்ட கருத்து இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், களத்தில் அவர் பக்கம் நில்லுங்கள். நடு ராத்திரி போன் வந்தால், உயிர் போகிற அவசரம் இல்லாதவரை, "காலையில் பேசலாம்மா" என்று சொல்லப் பழகுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள், நீங்களே மருத்துவராக வேண்டாம்.

அப்புறம், "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று ஒரு பெண் தொடங்கினால், அந்த வாக்கை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். உங்கள் அணியில் பதினெட்டு நிரம்பாதவர்களும் இருக்கலாம். அவர்களுக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம், மறைப்பது குற்றம். பெரியவர்கள் என்றால் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புக்கான 2013 சட்டப்படி கல்லூரியில் உள்ள புகார்க் குழுவுக்குப் போக அவளுக்குத் துணை நில்லுங்கள். தொந்தரவு செய்தவர் விளையாட்டு உலகில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதில் தயக்கமே வேண்டாம்.

இந்த ஒரு வருடத்தில் படிப்பையும் பாருங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் ஒரு வருடப் பயிற்சியாளர் டிப்ளமோ உண்டு, வேலையை விட முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி வேலைக்குப் பெரும்பாலும் பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்) கேட்பார்கள். உங்களிடம் அது இல்லையென்றால் அந்தப் பள்ளி வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பள்ளிக்காரர்களிடம் உடனே மறுப்புச் சொல்ல வேண்டாம். சம்பளம் எவ்வளவு, பணி நிரந்தரமா, மைதானத்துக்கும் பயணத்துக்கும் யார் செலவு செய்வார்கள், கூடைப்பந்தோடு வேறு எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்றால், பள்ளிச் சம்பளம் உண்மையிலேயே கூடுதல் என்றால், போவதில் தவறே இல்லை. அப்படி இல்லாவிட்டால், இந்த வாரமே சாரைச் சந்தித்து, எதிரணி அறிக்கை, வார்ம் அப் இரண்டையும் சீசன் முழுக்க உங்களிடம் விடச் சொல்லிக் கேளுங்கள். "சரிம்மா, பாரு" என்றால் இருங்கள். சிரித்து மழுப்பினால் அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள்.