ஓட்டு வீடு

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. பழைய மயிலையைக் காப்பாற்ற அரசியல்வாதிகள் ஏன் வாய் திறப்பதில்லை?
– ஒரு வாசகர், சென்னை-4

பதில்: விடையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். ஓட்டு!

ஒரு கிரவுண்டில், அதாவது 2400 சதுர அடியில், ஓட்டு வீடு இருந்தால் பாட்டியையும் சேர்த்து 5 ஓட்டு. 2019 கட்டட விதிகளின்படி மனையைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். தெரு அகலம், பக்கத்து இடைவெளி எல்லாம் ஒத்துவந்தால் 4800 சதுர அடி. நாலு ஃப்ளாட், வீட்டுக்கு மூன்று பேர் என்றாலும் 12 ஓட்டு. ஓடு இறங்க இறங்க ஓட்டு ஏறுகிறது. எந்த வேட்பாளர் கடப்பாரைக்குக் குறுக்கே படுப்பார்? அந்தக் காலத்தில் ஓட்டைப் பிரித்தவனைப் பிடித்து உதைத்தார்கள். இப்போது ஓட்டைப் பிரிப்பவருக்குச் சின்னம் ஒதுக்குகிறார்கள்.

(ஓட்டு வீடா, ஓட்டுவீடா? எங்கள் பிழை திருத்துபவருக்கும் எனக்கும் இதில் இருக்கும் சண்டை, லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பிப்பதற்கு முந்தையது. மெட்ரோ முதலில் முடியும்.)

சரி, பழைய மயிலை. எவ்வளவு பழையது வேண்டும்? நீங்கள் உருகும் அந்த ஓடு, நாட்டு ஓட்டைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்த சீமை ஓடாகத்தான் இருக்கும். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை போட்ட பிறகு பரவிய சரக்கு. அன்றைக்கும் யாராவது திண்ணையில் உட்கார்ந்து 'நாட்டு ஓடு போச்சே' என்று புலம்பியிருப்பார். பக்கிங்ஹாம் கால்வாய்க்காகத்தான் யாரும் புலம்பவில்லை. விறகும் உப்பும் ஏற்றிப் படகு வந்த கால்வாய் அது. அதற்குள்ளேயே தூணை நட்டு, 1997இல் திருமயிலை வரை பறக்கும் ரயில் விட்டோம். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எண்ணாதீர்கள், இன்னும் எழுதுவேன்.

புரமோட்டரைத் திட்டுவதும் எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே கூடத்தில் பேச்சு முடிந்திருக்கும். நாலு பிள்ளைகள், ஒருவர் நங்கநல்லூர், ஒருவர் நியூ ஜெர்சி. முற்றத்தை நாலு பாகமாக்க எந்த வக்கீலாலும் முடியாது. ஃப்ளாட் என்றால் ஆளுக்கொரு சாவி.

எங்கள் தாத்தா வீடும் ஓட்டு வீடுதான். ஐப்பசி வந்தால் கூடத்தில் அண்டா, சமையலறையில் வாளி, தாத்தா தலைமாட்டில் சொம்பு. ஓடு மாற்றுகிற ஆள் சித்திரையில் வருகிறேன் என்று சொல்லி ஆவணியில் வருவார். அவர் இறங்கியதும் பூனை ஏறும். சொட்டுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பாத்திரம் நிரம்பியது என்று பாட்டி சொல்லிவிடுவார்.

அந்த வீடு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம். எனக்கு வந்தது முதல் மாடி, கிழக்குப் பார்த்தது. மேல்வீட்டு பாத்ரூம் என் படுக்கையறையில் ஒழுகுகிறது. தாத்தாவின் சொம்பைத்தான் வைத்திருக்கிறேன்.