முகத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டு வலது விலாவில் குறை என்கிறார்களே, எப்படி?

கேள்வி: கழுத்து வலிக்காகப் போயிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என் முகத்தை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, அப்படியே தலையை முன்னால் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் முதல் விலா சரியாக அசையவில்லை" என்றார். இது என்ன சோதனை? வீட்டில் நானே செய்து பார்க்கலாமா?

பதில்:

நானும் பிசியோதெரபிஸ்ட்தான். படிக்கும்போது செய்முறைத் தேர்வில் இதே சோதனையில் பக்கத்தை மாற்றிச் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு குறிப்பு வைத்துக்கொண்டேன்: எந்தக் காது மார்பை நோக்கிப் போகிறதோ, அந்தப் பக்கத்து விலாவைத்தான் பார்க்கிறோம். முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும்போது தலையைச் சாய்த்தால் வலது காதுதான் மார்புப் பக்கம் இறங்கும். ஆக, உங்களுக்குச் சொன்னது சரி.

கழுத்து வலிக்கு விலாவை ஏன் பார்க்க வேண்டும்? விலா என்றால் பெரும்பாலானவர்கள் மார்பின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். முதல் விலா இருப்பதோ கழுத்தின் அடிவாரத்தில், காறை எலும்புக்குப் பின்னால். கழுத்துப் பகுதி முதுகெலும்பின் பக்கத்திலிருந்து இறங்கும் ஸ்கேலீன் தசைகளில் முன்புறத் தசையும் நடுத்தசையும் இந்த முதல் விலாவில்தான் வந்து பிடிக்கின்றன. பின்புறத் தசை இரண்டாவது விலாவில். முன் தசைக்கும் நடுத்தசைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத்தான் கைக்குப் போகும் நரம்புக் கற்றை வருகிறது. அதனால் அந்த இடம் இறுகினால் கழுத்து இழுப்பதும், சிலருக்குக் கை மதமதப்பதும் நடக்கும்.

உங்களுக்குச் செய்த சோதனையை 1990-ல் பின்லாந்தைச் சேர்ந்த லிண்ட்கிரெனும் அவருடைய சகாக்களும் எழுதி வைத்தார்கள். முதல் விலா முதுகெலும்போடு சேரும் மூட்டில் சற்று மேலேறி நின்றுவிட்டால், திருப்பிய கழுத்தைச் சாய்க்கும்போது பாதியிலேயே முட்டி நின்றுவிடும் என்பது அவர்களுடைய விளக்கம்.

எத்தனை டிகிரி சாய்ந்தது என்பதைவிட, எப்படி நின்றது என்பதுதான் இதில் முக்கியம். ரப்பரை இழுத்த மாதிரி மெதுவாக இறுகி நின்றால் அது தசை. கதவு எதிலோ இடித்த மாதிரி சட்டென்று நின்றால் மூட்டைச் சந்தேகப்படலாம். இது சோதிப்பவரின் கைக்குத்தான் தெரியும். அந்தக் கையும் ஏமாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் முதல் விலா முட்டி நிற்கிறது என்று எழுதிவிட்டேன். கூட இருந்த சீனியர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மூச்சை விடுங்க." பயத்தில் மூச்சைப் பிடித்து, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தார் அந்த மனிதர். மூச்சை விட்டதும் இரண்டு பக்கமும் சுகமாகச் சாய்ந்தது. ஸ்கேலீன் மூச்சை இழுக்க உதவும் தசையும் கூட, அதை நான் மறந்துவிட்டேன்.

இன்னொன்று, கழுத்தைத் திருப்பவே முடியாதவரிடம் இந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் படியே நடக்கவில்லையே. அதனால் நான் இதை மட்டும் நம்புவதில்லை. படுக்க வைத்து, தலையைச் சோதிக்கும் பக்கமே லேசாகச் சாய்த்துத் தசையைத் தளர்த்திவிட்டு, முதல் விலாவை எதிர்ப்பக்க இடுப்பை நோக்கி மெல்ல அமுக்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்து கொடுக்கிறதா என்று பார்ப்பேன். தலைவலியும் சேர்ந்து இருந்தால் வேறு ஒன்று: முகவாயை மார்புவரை மடக்கி வைத்துத் தலையைத் திருப்புவது. அப்படி மடக்கும்போது கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்ளும், அசைவு பெரும்பாலும் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி வர வேண்டும். 32-க்குக் கீழே போனால் அந்த மூட்டைக் கவனிப்போம். கையில் வலி இறங்குகிறவர்களுக்கு நரம்புக்கான சோதனைகள் தனி.

சரி, வீட்டில்? இந்தச் சோதனையை நீங்களே செய்ய முடியாது. நீங்களே அசைக்கும்போது தசை வேலை செய்யும், முட்டுகிறதா இழுக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. தலையைக் கையால் பிடித்து இழுத்துப் பார்க்கவே வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் திரும்பாமல் முகத்தை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பி, வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அது போதும்.

விழுந்தோ விபத்திலோ அடிபட்ட பிறகு வந்த வலி, கை பலம் குறைவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, தலைசுற்றலோடு பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தக் கழுத்துச் சோதனையும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். முடக்குவாதம் இருக்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மேல்கழுத்தின் தசைநார்கள் தளர்ந்திருக்கக்கூடும்.

அப்புறம், அடுத்த முறை போகும்போது சிகிச்சை முடிந்ததும் அதே சோதனையைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். வலது காது முன்னைவிடக் கீழே இறங்கினால் அது உங்களுக்கே தெரியும். இறங்கவே இல்லையென்றால், விலாதான் காரணமா என்று அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.