ஹெர்மிஸின் கிடைக்காத பாதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை, 1917இல் முதலில் திட்டமிட்ட வடிவில் வரைந்து வருகிறேன். பக்கவாட்டு வரைபடத்தின் நகல் முழுதாக இருக்கிறது. மேல்தள வரைபடத்தில் முன்பாதிதான் கிடைத்தது. பின்பாதியை, கட்டி முடித்த கப்பலின் புகைப்படங்களைப் பார்த்து நிரப்பலாமா? யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள் நண்பர்கள். எந்தச் சாம்பல் நிறம் பூசுவது? பேனாவா, கணினியா?

வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

பேனாவோ கணினியோ, கைக்கு எது வருகிறதோ அது. நிறத்தை விடுங்கள். அந்த வடிவில் அந்தக் கப்பல் கட்டப்படவே இல்லை.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் உங்கள் ஊர்க் கடலில் ஹெர்மிஸ்மேல் குண்டு போட்டபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஒருவர் அதன் பிறப்பைத் தேடிப்போய் வரைகிறார் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதற்கு அடுத்த வரியிலேயே 'நிரப்பலாமா' என்று கேட்டு என்னைக் கோபப்படுத்திவிட்டீர்கள்.

நிரப்பக் கூடாது. 1924இல் சேவைக்கு வந்த ஹெர்மிஸுக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு மேற்கட்டு, அதாவது தளத்துக்கு மேல் கோபுரம்போல் எழும் பகுதி. 1917 ஏப்ரல் வரைவிலோ இருபுறமும் ஒவ்வொன்று, நடுவே ஓடுதளம், கடல்விமானங்களைத் தண்ணீரிலிருந்து ஏற்றிக்கொள்ளப் பின்புறம் ஒரு சறுக்குப்பாதை. ஒன்றின் வாலை இன்னொன்றுக்கு எப்படி ஒட்டுவீர்கள்?

அந்த 1917 ஏப்ரலைக் கொஞ்சம் யோசியுங்கள். ஓடுகிற கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் எட்வின் டன்னிங், ஃபியூரியஸ் கப்பலில், 1917 ஆகஸ்ட் 2 அன்று. தளத்தில் நின்றவர்கள் ஓடிவந்து விமானத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள். ஐந்தே நாளில், மறுபடி இறங்க முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார். வயது 25. ஹெர்மிஸின் முதல் வரைவு இதற்கெல்லாம் முந்தியது. அதைப் போட்டவர்கள், இன்னும் யாரும் செய்யாத ஒன்றுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். 1918 ஜனவரியில் ஏரா (கப்பலின் அடித்தண்டு) வைத்துக் கட்டத் தொடங்கிய பிறகும் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. உங்கள் தாளில் வெறுமையாக இருக்கும் இடம் தொலைந்துபோனதாக இருக்கலாம், அவர்களே முடிவுசெய்யாததாகவும் இருக்கலாம். 1924ஐக் கொண்டுவந்து அதில் கொட்டினால் அந்தத் தவிப்பு மொத்தமும் போய்விடும்.

இருபத்திரண்டு வயதில் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஒரு பழைய கட்டடத்தின் வரைபடத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். தென்மேற்கு மூலையைக் கரையான் தின்றிருந்தது. வடமேற்கில் ஓர் அறை இருந்ததால் தெற்கிலும் அதையே வரைந்தேன். பார்க்க அழகாக இருந்தது. அதை நம்பித் தூணுக்குக் குழி தோண்டினார்கள், மண் உள்வாங்கியது. கீழே தூர்த்த கிணறு. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

எங்கள் சீனியர் திட்டவே இல்லை. ட்ரேசிங் தாளை விரித்து, என் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிளேடால் சுரண்டி எடுத்தார். அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் அந்த மூலையைச் சுற்றி விட்டுவிட்டுக் கோடு போட்டு, 'மூலத்தில் இல்லை' என்று என்னையே எழுதச் சொன்னார்.

நீங்களும் பக்கவாட்டு வரைபடத்திலிருந்து எதையெல்லாம் மேல்தளத்துக்கு இறக்க முடியுமோ அதையெல்லாம் இறக்குங்கள். லிஃப்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, புகைபோக்கி எந்த இடம் என்பதெல்லாம் அதிலேயே கிடைக்கும். அகலம் கிடைக்காது. அகலத்தை ஊகித்தால் அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் போடுங்கள், ஊகம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று சொல்லும் நண்பர்களிடம் வரைபடத்தைக் காட்டாதீர்கள்.

சறுக்குப்பாதை தெரியும் பகுதியை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து எனக்கு அனுப்ப முடியுமா? அந்தக் கோடுகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்புடன்