குரல் உதவியாளரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது: கேள்வி பதில்

கைப்பேசியோடு பேசி வேலை வாங்கும் சிரி, கூகுள் அசிஸ்டன்ட், ஜெமினி போன்றவற்றைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அலாரம் வைப்பதைத் தவிர இதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்: அலாரத்தையே நான் சிறிய பயனாக நினைக்கவில்லை. என் அப்பாவுக்குப் பார்வை மங்கியபோது முதலில் கைவிட்டுப் போனது கடிகாரம்தான். இரவில் விழிப்பு வந்தால், விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் படுத்திருப்பார். யாரையும் எழுப்ப மாட்டார். தலையணைக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்து, "மணி என்ன?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தேன். முதல் இரவே மூன்று முறை கேட்டார்: இரண்டேகாலுக்கு, மூன்று பத்துக்கு, நாலரைக்கு. இத்தனை நாளும் இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்காமல் விழுங்கியிருக்கிறார் என்பது பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண் நன்றாக இருப்பவர்களுக்கும் கை ஒழியாத நேரம் உண்டு. மாவு பிசைந்த கை, தோளில் தூங்கும் குழந்தை. அப்போது டைமர் வைக்க, விளக்கைப் போட, ஒருவரை அழைக்க வாய்ச்சொல் போதும். "வீட்டுக்குப் போனதும் நினைவூட்டு" என்று இடத்தோடு சேர்த்துச் சொல்லும் வசதியைப் பலர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மறதிக்கு அதைவிட நல்ல மருந்து கைப்பேசியில் இல்லை.

கேள்வி: என் மாமியார் பேசி முடிப்பதற்குள் "புரியவில்லை" என்று சொல்லிவிடுகிறது. அவருக்கு அவமானமாக இருக்கிறது.

பதில்: குறை அவரிடம் இல்லை, தயவுசெய்து அதை அவரிடம் சொல்லுங்கள். பேச்சில் சிறு இடைவெளி விழுந்தால் "முடித்துவிட்டார்" என்று கருவி முடிவு கட்டிவிடுகிறது. வயதானவர்களும் திக்கிப் பேசுபவர்களும் இதில்தான் அடிபடுகிறார்கள். ஐபோன் என்றால், அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 16 முதல் அணுகல்தன்மை அமைப்புகளில் சிரி காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கலாம். எந்தக் கைப்பேசியானாலும், சொல்லவேண்டியதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கயல்விழியை அழைக்கச் சொன்னால் வேறு யாரையோ அழைக்கிறது.

பதில்: பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்திருப்பீர்கள். நாம் ழகரத்துக்கு எழுதும் zh என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை ஆங்கிலத்தில் பழகிய கருவி ழகரமாகப் படிப்பதில்லை. தொடர்புப் பட்டியலில் ஒலிப்புப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. காதில் விழுகிறபடி அங்கே எழுதுங்கள். கருவியைத் தமிழில் பயன்படுத்துபவர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே சேமிக்கலாம். "அக்கா" என்று உறவுமுறையில் வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

கேள்வி: ஆங்கிலத்தில் ஓரளவு புரிந்துகொள்கிறது, தமிழில் மட்டும் ஏன் இத்தனை தடுமாற்றம்?

பதில்: எந்தப் பேச்சை அதிகம் கேட்டு வளர்ந்ததோ, அந்தப் பேச்சுதான் அதற்குப் புரியும். ஆங்கிலத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஆப்பிள், கூகுள், அமேசான், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறிதல் முறைகளை அமெரிக்காவில் சோதித்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35.

தமிழில் இதன்மேல் இரண்டு சுமைகள். எழுதுவது ஒன்று, பேசுவது வேறு. பேச்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. அடுத்தது ஒட்டு. "வீட்டிலிருந்துதான்" என்பது நமக்கு ஒரே சொல். அதில் வீடு, இல், இருந்து, தான் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்ததே 2017இல்தான். அன்றைக்கு இன்று எவ்வளவோ தேறியிருக்கிறது. தமிழில் கேட்பதை விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: இணையம் இல்லாவிட்டால்?

பதில்: அலாரம், டைமர் போன்றவை பல புதிய கைப்பேசிகளில் நடக்கும். செய்தி, வானிலை நடக்காது.

கேள்வி: எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா?

பதில்: "ஹே சிரி" போன்ற அழைப்புச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது, அந்த வேலை கைப்பேசிக்குள்ளேயே முடிகிறது. அதுவரை கேட்டதை உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கும். சிக்கல், வேறு ஏதோ ஒரு சொல்லை அழைப்பாக எடுத்துக்கொண்டு விழித்துவிடும்போதுதான். அந்தப் பேச்சும் நிறுவனத்தின் கணினிக்குப் போகக்கூடும். பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் கேட்டுச் சரிபார்த்தார்கள் என்பது 2019இல் வெளியே வந்தபோது எனக்கும் கோபம் வந்தது. அதன் பிறகு, சம்மதம் தந்தவர்களின் பதிவுகளை மட்டுமே ஆய்வுக்கு எடுப்பதாக ஆப்பிள் மாற்றியது.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. அமைப்புகளில் குரல் வரலாற்றைத் தேடி அழித்துவிடுங்கள். மைக் இயங்கும்போது ஐபோனில் (ஐஓஎஸ் 14 முதல்) திரையின் மேலே ஆரஞ்சுப் புள்ளியும், ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளமும் தெரியும். அதைக் கவனிக்கப் பழகுங்கள்.

கேள்வி: வண்டி ஓட்டும்போது பேசினால் ஆபத்தில்லையே? கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?

பதில்: கை இருக்கிறது, கவனம் இல்லை. அமெரிக்காவில் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், குரல் கட்டளை முடிந்த பிறகும் சிதறிய கவனம் முழுதாகத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம் என்று தெரியவந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். கிளம்பும் முன்பே வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருந்தின் அளவைக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஆங்கிலத்தில் கேட்கும்போது பிஃப்டீன், பிஃப்டி என்ற இரண்டு எண்களையே அது மாற்றிக் கேட்கக்கூடும். ஜெமினி போன்ற புதியவை தவறான பதிலையும் தடுமாறாமல், நம்பும்படி சொல்கின்றன. காதில் விழும் ஒற்றைப் பதிலுக்கு எங்கிருந்து வந்தது என்ற அடையாளமும் பல நேரம் கிடையாது. மாத்திரை நேரத்தை நினைவூட்டச் சொல்வது நல்லது; பதிவான நேரத்தைத் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோதான் கேட்கவேண்டும்.

கேள்வி: விழுந்துவிட்டால் இதை நம்பலாமா?

பதில்: இதை மட்டும் நம்பக் கூடாது. வலியில் முனகும் குரல் அதற்குப் புரியாமல் போகலாம். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது, பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்துவது ஆகியவை அவசர அழைப்புக்கான வழிகள். இன்றே அமைப்புகளில் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அவருக்குத் தினமும் தேவைப்படும் ஒரே ஒரு கேள்வியிலிருந்து. ஒரு வாரம் அது மட்டும் போதும். பக்கத்தில் உட்காருங்கள், தவறாகப் புரிந்துகொண்டால் கைப்பேசியைப் பிடுங்கி நீங்கள் செய்துவிடாதீர்கள், அவரையே மறுபடி கேட்கவிடுங்கள். என் அப்பா இரண்டாவதாகக் கற்றுக்கொண்டது என்னை அழைப்பதற்கு. அதற்கு அவருக்குப் பத்து நாள் ஆனது.