பிங்கும் லாம்பெர்ட்டும் ஜோடி சேராது

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு இனிப்புச் செர்ரி மரங்கள் நிற்கின்றன. ஒன்று பிங், இன்னொன்று லாம்பெர்ட். ஜோடியாக வைத்தால்தான் காய்க்கும் என்று நர்சரிக்காரர் சொல்லித்தான் இரண்டாக வாங்கினேன். மூன்று வருடமாக மரம் தெரியாத அளவுக்குப் பூக்கிறது, ஆனால் பிஞ்சு மிளகளவு கூட வராமல் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. பூக்கும்போது அசுவினிக்கு மருந்தும் அடிக்கிறேன். போரான் டானிக் அடித்தால் பிஞ்சு நிற்கும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு அடிக்கலாம்?

பதில்: டானிக்கைக் கையால் தொடாதீர்கள். இலையைச் சோதித்துப் பார்த்து போரான் குறைவு என்று தெரிந்தால் கொடுக்கலாம், அது இல்லாமல் அடிப்பது கடைக்காரருக்குத்தான் லாபம். இவ்வளவு பூக்கிற மரத்துக்குக் குளிரும் போதுமான அளவு கிடைத்திருக்கிறது, சத்தும் கிடைத்திருக்கிறது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்த மரத்தின் மகரந்தம் என் மரத்துக்குச் சேரும் என்பது.

இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. தன்னைப் போன்ற மரபு கொண்ட ரகத்தின் மகரந்தத்தையும் ஏற்காது. பிங், லாம்பெர்ட், நெப்போலியன் மூன்றுமே எஸ்3-எஸ்4 என்ற ஒரே கூட்டம், அதாவது மகரந்தப் பொருத்தத்தைத் தீர்மானிக்கிற மரபணு மூன்றுக்கும் ஒன்றே. ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் பூவில் விழுந்து முளைக்கும், ஆனால் அதிலிருந்து நீளும் மகரந்தக் குழல் சூல்தண்டில் பாதி வழியிலேயே நின்றுபோகும். கரு கூடாத பிஞ்சுதான் மஞ்சளாகி உதிர்கிறது. ஆக உங்களிடம் இருப்பது இரண்டு மரம், பூ விஷயத்தில் ஒரு மரம். இந்தப் பொருத்தம் தெரியாமலே ஜோடி என்று விற்கிற நர்சரிக்காரரிடம் அடுத்த கன்று வாங்காதீர்கள்.

சரி, மூன்றாவது மரம் நடலாமா? வேண்டாம், பொருந்துகிற ரகத்தின் குச்சியை உங்கள் மரத்திலேயே ஒட்டுக் கட்டுங்கள். யார் செர்ரி காய்க்கவில்லை என்று எழுதினாலும் நான் சொல்வது இதைத்தான், அதற்காக என்னைக் கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. புது மரம் இடத்தைப் பிடிக்கும், பூக்கவே சில வருடம் ஆகும். ஒட்டுக் கிளை இரண்டாவது மூன்றாவது வருடத்திலேயே பூக்கும். வான் ரகம் சேரும். அதைவிட ஸ்டெல்லா வசதி, கனடாவில் உருவாக்கி 1968-ல் வெளிவந்தது, தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பிங்குக்கும் கொடுக்கும். லாபின்ஸும் அப்படியே. மரம் உறக்கத்தில் இருக்கும்போது, நோயில்லாத மரமாகப் பார்த்துப் பென்சில் கனத்தில் போன வருடத்துக் குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பக்கத்தில் பழங்கள் இருக்கக் கூடாது. உங்கள் மரத்தில் மொட்டு உப்ப ஆரம்பித்ததும், மழையில்லாத நாளாகப் பார்த்து, அதே கனமுள்ள கிளையையும் குச்சியையும் ஒரே சாய்வில் சீவிப் பொருத்துங்கள். பட்டைக்கு அடியில் ஈரப் பச்சையாகத் தெரியும் மெல்லிய வரி ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று சேர வேண்டும், அது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் குச்சி காய்ந்துவிடும். நாடாவால் இறுக்கிக் கட்டி வெட்டுவாயை மெழுகால் மூடுங்கள். வெயில் படும் மேல்பக்கத்தில் ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று ஒட்டாவது போடுங்கள். அப்புறம், அந்தக் கிளைகளில் அழியாத அடையாளம் கட்டிவிடுங்கள், கவாத்து செய்ய வருகிறவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஒட்டு பூக்கும் வரை, பொருந்துகிற ரகம் வைத்திருப்பவரிடம் பூங்கொத்து கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தி மரத்தில் தொங்கவிடுங்கள், வாடினால் மாற்றுங்கள். புளிப்புச் செர்ரிப் பூ கிடைக்கிறது என்று அதைக் கொண்டுவராதீர்கள், பெரும்பாலும் பிந்திப் பூக்கும், மகரந்தமும் இனிப்புச் செர்ரிக்குச் சரிவராது.

இன்னொன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மருந்து. பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் மகரந்தத்தைத் தூக்கி வருகிற தேனீயைத்தான் கொல்கிறீர்கள். குளிரிலும் மழையிலும் அது எப்படியும் சரியாகப் பறக்காது, பறக்கிற சில நாளையும் கெடுக்காதீர்கள். அசுவினியை மொட்டு விரியும் முன்பே கவனியுங்கள், விட்டுப்போனால் இதழ் முழுவதும் உதிரும் வரை பொறுங்கள். நடுவில் சுருண்ட நுனி தெரிந்தால் கிள்ளி எறிந்தால் போதும்.