ஃபால்ட் உடைஞ்சா ஊர் எவ்ளோ ஆடும்?

கேள்வி: ஒரு ஊருக்கு 30 கிலோமீட்டர் பக்கத்துல ஃபால்ட், அதாவது பூமிக்கடியில பாறையில இருக்கற பெரிய பிளவு, இருக்கு, அதுல ரிக்டர் 7 வந்தா ஊர் இவ்ளோ ஆடும்னு கலர் மேப் போட்டு காட்டுறாங்க. நிலநடுக்கம் எப்ப வரும்னே சொல்ல முடியாதவங்க இதை மட்டும் எப்படி சொல்றாங்க? நம்பலாமா?

பதில்: ரெண்டும் வேற வேற விஷயம்ங்க. எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உடைஞ்சா அலை எப்படி கிளம்பும், எந்த வழியா ஊருக்கு வந்து சேரும்ங்கறதை கணக்கு போட முடியும்.

ஃபால்ட்டோட நீளம், ஆழம், சாய்வு எல்லாம் வச்சு கம்ப்யூட்டர்ல ஒரு பரப்பு வரைவாங்க. 7 அளவுக்கு தோராயமா 40, 50 கிலோமீட்டர் நீளம், ஒண்ணு ரெண்டு மீட்டர் நழுவல்னு (பிளவோட ரெண்டு பக்கப் பாறையும் ஒண்ணை விட்டு ஒண்ணு நகர்ற தூரம்) வரும். அந்த நழுவல் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்காது, சில திட்டுல மட்டும் ரொம்ப அதிகமா நழுவும், பலமான ஆட்டம் பெரும்பாலும் அங்கேருந்துதான் வருது. அப்புறம் பரப்பை சின்னச்சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி நிலநடுக்கம்னு வச்சு எல்லா அலையையும் அததுக்கான நேரத்தாமதத்தோட கூட்டுவாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அதே ஃபால்ட்ல ஏற்கனவே வந்த நிஜமான குட்டி அதிர்வை ஊருக்குள்ள இருக்கற கருவி பதிவு பண்ணியிருந்தா அதையே அந்தக் கட்டத்துக்கு எடுத்துக்கலாம், ஏன்னா வழியில இருக்கற பாறை, ஊருக்கு அடியில இருக்கற மண்ணு எல்லாத்தோட பாதிப்பும் அந்தப் பதிவுலயே இருக்கு.

இனிதான் முக்கியமான இடம். பாறை ஒரே நொடியில உடையாது, துணி கிழியற மாதிரி ஒரு முனையில ஆரம்பிச்சு நொடிக்கு கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். ஆட்டுற அலையோட வேகமும் அதைவிட கொஞ்சம்தான் அதிகம், அதனால கிழிசல் எந்த ஊரைப் பார்த்து ஓடுதோ அங்க எல்லா அலையும் ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சு ஒரே பெரிய உலுக்கலா போய் அடிக்கும். 1992ல கலிபோர்னியா லேண்டர்ஸ் நிலநடுக்கம் தெற்குலேருந்து வடக்கா ஓடிச்சு, வடக்குப் பக்கம் குறைஞ்ச நேரத்துல பலமான உலுக்கல், தெற்குல நீளமா ஆனா மெதுவா. 1995ல ஜப்பான்ல கிழிசல் ரெண்டு பக்கமும் ஓடிச்சு, அதுல ஒரு பக்கம் கோபே நகரத்தை நோக்கியே வந்துச்சு, கூடவே மலையடிவாரத்து வண்டல்ல அலைகள் சேர்ந்து இன்னும் பெருசாச்சு, 6,400 பேருக்கு மேல செத்துப்போனாங்க.

மண்ணை விட்டுட்டா கணக்கே தப்பாயிடும். 1985ல மெக்சிகோ சிட்டிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல தள்ளித்தான் நிலநடுக்கம், ஆனா பழைய ஏரிப்படுகை களிமண்ணு ரெண்டு நொடிக்கு ஒரு தடவை ஆடற அலையை பல மடங்கு பெருக்கிடுச்சு, அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கதான் அதிகமா விழுந்துச்சு.

நம்பலாமான்னா, ஒரே ஒரு மேப்பை மட்டும் காட்டினா நம்பாதீங்க. எங்க ஆரம்பிச்சு எந்தப் பக்கம் ஓடும்னு முன்கூட்டி தெரியாது, அதனால ஆரம்பப் புள்ளி, நழுவற திட்டு எல்லாத்தையும் மாத்தி மாத்தி நிறைய தடவை ஓட்டணும், அதே 7க்கு ஒரே தெருவுல விடை ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோகூட மாறலாம். மெதுவான அலையை, அதாவது உயரமான கட்டடத்தையும் பெரிய பாலத்தையும் ஆட்டறதை, ஓரளவு நல்லாவே கணிக்கறாங்க. சின்ன வீடுகளை ஆட்டற வேகமான அலைக்கு இன்னும் புள்ளியியலைத்தான் நம்ப வேண்டியிருக்கு. அதனால மேப் போட்டவங்ககிட்ட எத்தனை விதமா ஓட்டிப் பார்த்தீங்க, ஊர் மண்ணை எத்தனை இடத்துல துளை போட்டு அளந்தீங்கன்னு கேளுங்க, சராசரியை மட்டும் சொன்னா மோசமான விடை எவ்ளோன்னும் கேட்டு வாங்குங்க.