மாற்றலான ஊரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: வேலை மாற்றலாகி அடுத்த மாதம் புது ஊருக்குப் போகிறேன். அலுவலகம் இருக்கும் புறநகரில் வாடகையே சம்பளத்தில் பாதியை விழுங்கும் போலிருக்கிறது. வங்கிக் கடன் கிடைக்கிறது. பேசாமல் வீட்டை வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஊரே பிடிபடாமல் 20 வருடக் கடனில் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கும்போது பதிவுச் செலவு, விற்கும்போது தரகு என்று இரண்டு பக்கமும் பணம் கரையும். சீக்கிரமே மறுபடி மாற்றல் வந்தால் கையைச் சுடும். முதலில் வாடகைக்கே போங்கள். இடமாற்றப் படி உண்டா என்று நிறுவனத்திடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம், அலுவலகத்தை ஒட்டியேதான் வேண்டுமா? ரயில் தடத்தில் இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளித் தேடினால் வாடகை இறங்கலாம். மிச்சமாவதில் பயணச் செலவைக் கழித்துப் பாருங்கள். வேலை நாள் காலை நெரிசலில் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லது. ஞாயிறு மதியம் எல்லா இடமும் பக்கம்தான்!

படத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். திடீரென்று காலி செய்ய நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், முன்பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். வீட்டுக்காரர் ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால், நானாக இருந்தால் வேறு வீடு பார்ப்பேன்.